பாங்கிப் பங்கும் பால் மாட்டுக் கடனும்

தை, மாசி மாதங்களில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் வந்து குவியுங் காலத்தில் குடியானவர் கையில் சிறிது ரொக்கம் புரளுவது வழக்கம். மணிலா நன்றாகக் காய்த்த வருஷமாயின் அத்தொகை இன்னுஞ் சற்று மிகுதிப்படும். முன்னாளில் இவ்வாறு மிஞ்சிய பணம் நிலமாகவோ, நகையாகவோ, ஒரு ஜோடி உழவு மாடாகவோ மாறிற்று. அல்லது அண்டை அயலாருக்கு வட்டிக்குப் போயிற்று. இக்காலத்திலோ பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம், "பாங்கியில் டிபாசிட்டுப் போடுவதைவிட அந்தப் பாங்கியின் பங்கையே வாங்கிவிடலாமே" என்று தகப்பனாரிடம் சொல்லக் கேட்கிறோம். டீமாட் கணக்கு ஒன்று திறந்தால் கைப்பேசியிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. கிராமங்களுக்கு மிகுதியாகக் கடன் கொடுக்கும் பாங்கிகளின் பங்குகளே இவ்வாறு பெரிதும் சிபாரிசு செய்யப்படுகின்றன. "நமக்குத் தெரிந்த தொழிலுக்குத்தானே கடன் கொடுக்கிறார்கள்" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். அந்த நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் பால் மாட்டுக் கடனை வைத்து ஆராய்வது பயன்படும்.

பங்கு என்பது செஞ்சித் தாலுகாக் குடியானவர்களுக்குப் புதிய சரக்கு அன்று. 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்தின் கீழ் அதே வருஷத்தில் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் சங்கம் தோன்றியது முதல், கிராமச் சங்கத்தில் கடன் பெறுவோர் பங்கு எடுப்பது வழக்கமாக இருந்துவருகிறது. அந்தப் பங்கு விலை ஏறாது. சந்தையில் விற்கவும் முடியாது. போட்ட தொகையே அதன் மதிப்பு. கடன் வாங்குவதற்காக எடுக்கும் பங்கு அது. பங்கு மார்க்கெட்டில் வாங்கும் பாங்கிப் பங்கின் இயல்பு வேறு. அதன் விலை நாள்தோறும் ஏறும், இறங்கும். இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதனால்தான் பலர் ஏமாற்றமடைகின்றனர்.

டிபாசிட்டுதாரருக்கும் பங்குதாரருக்கும் உள்ள வேற்றுமையை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். டிபாசிட்டுதாரர் பாங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்குதாரர் பாங்கியின் சொந்தக்காரர்களில் ஒருவர். பாங்கி நொடித்தால் டிபாசிட்டுதாரர் ஒருவருக்கு அந்தப் பாங்கியில் உள்ள தொகையில் வட்டியுட்பட 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. 4-2-2020 முதல் இந்த வரம்பு அமலில் உள்ளது. பங்குக்கு அத்தகைய பந்தோபஸ்து ஏதும் கிடையாது. எல்லோருடைய பாக்கியும் தீர்ந்து மிஞ்சுவதே பங்குதாரருக்கு உரியது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1926-ஆம் வருஷத்தில் கரூரில் தொடங்கப்பெற்ற லட்சுமி விலாஸ் பாங்கி, தமிழ்நாட்டு வியாபாரிகளும் குடியானவர்களும் நன்கு அறிந்த ஸ்தாபனம். 17-11-2020 அன்று சர்க்கார் அதன் கொடுக்கல் வாங்கலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தனர்; கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாதென்று உத்தரவாயிற்று. பத்தே நாளில், 27-11-2020 அன்று, அப்பாங்கி டி.பி.எஸ். பாங்கியின் இந்தியக் கிளை ஸ்தாபனத்தோடு இணைக்கப்பட்டது. டிபாசிட்டுதாரரின் பணம் முழுதும் பிழைத்தது. பங்கு மூலதனமோ முழுதும் தள்ளுபடி செய்யப்பட்டது. பரம்பரையாகப் பங்கு வைத்திருந்தவருக்கும், முந்தின வாரம் விலை மலிவென்று வாங்கினவருக்கும் ஒரு காசும் கிட்டவில்லை. அந்தப் பாங்கியைச் சாய்த்தது மாட்டுக் கடன் அன்று. பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்களே. ஆயினும் பங்குதாரர் வரிசையில் கடைசியில் நிற்பவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுவதில்லை.

இனி மாட்டுக் கடனுக்கு வருவோம். கிசான் கடன் அட்டை 2018-19-ஆம் வருஷம் முதல் கால்நடை வளர்ப்போருக்கும் விஸ்தரிக்கப்பட்டது. ஈடு கேளாமல் கொடுக்கும் விவசாயக் கடனின் வரம்பு 1-1-2025 முதல் 1 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாட்டுக் கடனும் இதில் அடங்கும். குடியானவருக்கு இது பெரிய அனுகூலம் என்பதில் ஐயமில்லை. பங்கு வாங்குவோர் பார்க்கவேண்டிய மறுபக்கமும் உண்டு. நிலத்தின் பேரில் கொடுத்த கடனுக்கு நிலம் எங்கும் போய்விடாது. மாட்டின் பேரில் கொடுத்த கடனுக்கு ஈடு அந்த மாடுதான். அது தினந்தோறும் தீனி தின்னும்; மடிவீக்கம் காணும்; கோமாரி வரும்; சினை பிடிக்காமற் போகும். 2022-ஆம் வருஷத்தில் தோல் கழலை நோய் ராஜஸ்தானத்திலும் கூர்ஜரத்திலும் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்டுபோயிற்று. இன்ஷூரன்ஸ் செய்திருந்தால் இறந்த மாட்டுக்குப் பணம் வரும், அதுவும் காதில் வில்லை இருந்தால். உயிரோடு நின்று பால் கொடுக்காத மாட்டுக்குச் சாதாரணமாக வராது.

ஒரு கறவை மாட்டின் வரவு செலவை உதாரணமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது. கலப்பினப் பசு ஒன்றுக்காக 60,000 ரூபாய் கடன், 9 சதவிகித வட்டி, 36 மாதத் தவணை எனக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,900 ரூபாய். வருஷத்துக்குச் சுமார் 22,900 ரூபாய். பசு 300 நாள் சராசரி 9 லிட்டர் கறக்கிறது. கொழுப்புச் சத்தையும் இதரச் சத்தையும் பார்த்து லிட்டருக்கு 36 ரூபாய் கிடைக்கிறது. வரவு 97,200 ரூபாய். கறவை நாளில் அடர்தீவனம் 5 கிலோ 150 ரூபாய், பசும்புல்லும் வைக்கோலும் விலைக்கு வாங்கினால் 60 ரூபாய். ஆக 300 நாளுக்கு 63,000 ரூபாய். வறட்டு நாள் 65-க்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 6,500 ரூபாய். வைத்தியம், கருவூட்டல், இன்ஷூரன்ஸ் 4,000 ரூபாய். செலவு 73,500 போக மிஞ்சுவது 23,700. அதில் தவணையைக் கட்டினால் கையில் நிற்பது 800 ரூபாய். விடியற்காலையிலும் மாலையிலும் கறந்த பெண்டுகளின் கூலி இதில் சேரவில்லை.

பாலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தால் வருஷத்தில் 5,400 ரூபாய் போய்விடும். தவணை அங்கேயே தடைப்படும். சினை பிடிக்க மூன்று மாதம் தாமதித்தாலோ 90 நாள் தீனி 9,000 ரூபாயும், பால் வராத மூன்று தவணை 5,700 ரூபாயும் கைப்பொறுப்பாகும். மாறாக, கிணற்றடியில் பத்து சென்று கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் போட்டு, மணிலாக் கொடியை வீணாக்காமல் போர் போட்டு வைத்திருப்பவருக்கு, அந்த 60 ரூபாயில் பெரும்பகுதி மிச்சம். 300 நாளுக்கு 18,000 ரூபாய் வரை வேற்றுமை. ஒரே பாங்கி, ஒரே நாளில், ஒரே தொகையை இருவருக்குக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே கடன் அல்ல. பாங்கியின் புத்தகத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். (புல் பயிரிடாமல் மாடு வாங்குவது குறித்துப் பலமுறை எச்சரித்தாகிவிட்டது, கேட்டவர் சிலரே.)

ரிசர்வ் பாங்கியின் விதி ஒன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. 2025-ஆம் வருஷத்திலும் வழக்கிலிருந்த அவ்விதிப்படி, நெல், மணிலா போன்ற குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு சாகுபடிப் பருவம் பாக்கி நின்ற பின்னரே வாராக்கடன் எனப்படும். மாடு வாங்கிய தவணைக் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை. பட்டறைக் கடன், கடைக் கடனைப் போலவே 90 நாள் தவறினால் வாராக்கடன். ஒரு பசுவின் வறட்டுக் காலமே இரண்டு மாதம். சினை தள்ளிப்போனால் 90 நாள் நொடியில் கடந்துவிடும். வாராக்கடன் ஆன நாள் முதல் பாங்கி வட்டியை வரவாக எழுதக்கூடாது. அத்துடன் லாபத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கவும் வேண்டும். ஈடுள்ள கடனுக்கு முதல் வருஷத்தில் 15 சதவிகிதம். பாக்கி நாட்பட நாட்பட அது ஏறி, இறுதியில் முழுத் தொகையும் ஒதுக்க நேரிடும். இவ்வொதுக்கீடு பங்குதாரரின் லாபத்திலிருந்து போவதாகும்.

பால் கடன் பாங்கிகளை எப்படித் தொடும் என்பதை உலகம் ஒருமுறை பெரிய அளவிற் பார்த்திருக்கிறது. நியூஸிலாந்து தேசத்தில் பாலின் கெட்டிச் சத்து ஒரு கிலோவுக்குப் பொன்டெரா என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் 2013-14 பருவத்தில் 8 டாலர் 40 காசு கொடுத்தது. அடுத்த பருவத்தில் அது 4 டாலர் 40 காசாயிற்று. 2015-16-இல் 3 டாலர் 90 காசுக்கு இறங்கிற்று. சராசரிப் பண்ணைக்குக் கட்டுபடியாக 5 டாலருக்குச் சற்று மேல் வேண்டியிருந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் நிலத்தையும் மாட்டையும் கடனுக்கு வாங்கிப் பெருக்கியவர்கள் திணறினர். அத்தேசத்துப் பாங்கிகள் கொடுத்திருந்த கடனில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு பால் பண்ணைக் கடன். பெரும் பாங்கிகள் ஆஸ்திரேலியப் பாங்கிகளுக்குச் சொந்தமாகையால், நடுக்கம் ஸிட்னி பங்கு மார்க்கெட் வரை எட்டிற்று.

அந்நாட்டு ரிசர்வ் பாங்கி அப்போது ஒரு சோதனைக் கணக்குப் போட்டது. பால் விலை பல வருஷம் தாழ்ந்தே கிடந்து நில விலையும் விழுந்தால் பால் கடனில் எவ்வளவு போகும் என்பதே கேள்வி. கடுமையான நிலைமையில் நூற்றுக்குச் சுமார் 8 போகும் என்று விடை வந்தது. மொத்தக் கடனில் பால் கடன் பத்திலொன்று என்பதால், பாங்கியின் மொத்தக் கடனில் இது நூற்றுக்கு 1-க்கும் குறைவு. பாங்கிகள் தாங்கும் என்று தெரிந்தது, தாங்கியும் விட்டன. பண்ணைகளை அவசரப்பட்டு ஏலத்துக்குக் கொண்டுவராமல் தவணையைத் தள்ளிவைத்தனர். 2016-17-இல் விலை 6 டாலருக்கு மேல் ஏறியதும் பெரும்பாலோர் மீண்டனர். பயந்து பங்கை விற்றவர் நஷ்டப்பட்டார், காத்திருந்தவர் பிழைத்தார்.

இதிலிருந்து "பால் கடனால் பாங்கிக்கு ஆபத்தில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. அங்கே பாங்கியைக் காத்தது பால் கடன் பத்திலொரு பங்காக மட்டும் இருந்ததே. நூறு ரூபாய் கடன் கொடுத்துள்ள பாங்கியில் பங்குதாரரின் சொந்தப் பணம் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் என வைத்துக்கொள்வோம், மீதி டிபாசிட்டுதாரருடையது. கடனெல்லாம் ஒரே வகையாயிருந்து நூற்றுக்கு 8 போனால், பங்குதாரரின் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனதாகும். ஆகவே ஒரு பாங்கியின் கடன் எத்தனை வகையாகப் பிரிந்து கிடக்கிறது என்பதே முதற் கேள்வி.

நம் நாட்டில் இதற்கு அண்மை உதாரணம் சிறுகடன் தொழில். ஜாமீனுக்கு ஒருவருக்கொருவர் நிற்கும் பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கப்படும் இக்கடன்களில் கறவை மாடு வாங்கவென்று எடுப்பவை பல. ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு ஸ்தாபனங்கள் கடன் கொடுத்ததன் பலன் 2024-25-இல் பல ராஜ்யங்களில் தெரிந்தது, வசூல் தளர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விடாஸ் சிறுநிதி பாங்கி, இக்கடன்களுக்காகப் பெருந்தொகை ஒதுக்கியதன் விளைவாக 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் சுமார் 224 கோடி ரூபாய் நஷ்டங் காட்டிற்று. பாங்கி கவிழவில்லை, பங்கு வைத்திருந்தோர் அக்காலாண்டில் லாபம் காணவில்லை, அவ்வளவே.

பெரிய பாங்கியின் பங்கு வாங்குவோரும் தாம் பால் கடனுக்கு அப்பாற்பட்டவர் என்று எண்ண வேண்டாம். 1907-இல் சென்னையில் தொடங்கிய இந்தியன் பாங்கியின் பங்கு 2007 முதல் மார்க்கெட்டில் விற்பனையாகிறது. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2019-இல் அமைந்த தமிழ்நாடு கிராம பாங்கியின் மூலதனத்தில் நூற்றுக்கு 35 பங்கு இந்தியன் பாங்கியினுடையது. இந்தியன் பாங்கியில் ஒரு பங்கு வாங்கியவர், தாம் அறியாமலே, கிராம பாங்கி எங்கோ ஒரு குக்கிராமத்தில் கொடுத்த மாட்டுக் கடனுக்கும் ஒரு சிறு துளி சொந்தக்காரராகிறார். துளி சிறிதாயிருப்பதே அங்கே பாதுகாப்பு.

இவற்றையெல்லாம்விடச் செஞ்சிக் குடியானவர் முக்கியமாக எண்ணிப் பார்க்கவேண்டியது வேறொன்று. நான்கு மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவர் ஒருவர். கிராமச் சங்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. மைத்துனரின் மாட்டுக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நெல் விற்ற பணத்தில், கிராமங்களுக்கே பெரும்பாலும் கடன் கொடுக்கும் ஒரு பாங்கியின் பங்கும் வாங்கிவிட்டார். நாலு விதமான சொத்து என்று அவர் எண்ணுகிறார். நான்கும் ஒரே மடியிலிருந்து கறப்பவை. பால் விலை விழுந்தால் வீட்டு வருமானம் குறையும். மைத்துனரின் தவணை தவறி ஜாமீன்தாரருக்கு நோட்டீசு வரும். சங்கத்தில் வசூல் தளரும். பாங்கிப் பங்கின் விலையும் அதே மாதத்தில் இறங்கும். பணம் மிகவும் தேவைப்படும் அந்த வேளையில் பங்கை விற்கப் போனால் பாதி விலைகூடக் கிட்டாமற் போகலாம். பட்டணத்து உத்தியோகஸ்தர் ஒருவர் அதே பங்கை வாங்கினால் அவருக்கு ஒரு நஷ்டம், இவருக்கு நான்கு. "நமக்குத் தெரிந்த தொழில்" என்ற நியாயம் இவ்விடத்தில் தலைகீழாகிறது. தெரிந்த தொழிலில் ஏற்கெனவே முழுகியிருப்பவர், மிஞ்சிய பணத்தையாவது தெரியாத தொழிலில் வைப்பதே மேல்.

2020-ஆம் வருஷத்து ஊரடங்கின்போது இது நடந்ததைப் பலரும் கண்டனர். தேநீர்க் கடையும் ஓட்டலும் கலியாண மண்டபமும் மூடிக் கிடந்தன. பாலுக்குக் கேள்வி குறைந்தது. அதே மாதங்களில் பாங்கிப் பங்குகளும் மார்க்கெட்டில் வீழ்ந்து கிடந்தன. ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், 2023 டிசம்பரில் 38 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் தீவன விலையும் அக்காலத்தில் சும்மா இருக்கவில்லை.

கடன் தள்ளுபடியை நம்பி இருப்போர் சிலர் உண்டு. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் கூட்டுறவுச் சங்கங்களில் நின்ற 12,110 கோடி ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தது பயிர்க் கடனுக்கே. வர்த்தகப் பாங்கியில் மாடு வாங்கிய கடன் அதில் சேரவில்லை.

செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு அருகே பழைய நெற்களஞ்சியங்களைப் பார்த்தவர்கள் அவற்றின் சுவர்க் கனத்தை வியப்பார்கள். சுவர் கனமாயிருந்தால் உள்ளே நெல் இருக்கிறதென்று அர்த்தமில்லை. பாங்கியின் கட்டடத்தையும், அது சென்ற வருஷம் கொடுத்த லாப ஈவையும் பார்த்துப் பங்கு வாங்குவது அதைப் போன்றதே. உள்ளே பார்க்க வழி இருக்கிறது. மார்க்கெட்டில் பங்கு விற்பனையாகும் ஒவ்வொரு பாங்கியும் மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கை வெளியிடவேண்டும். அதில் மொத்த வாராக்கடன், ஒதுக்கீடு போக நிற்கும் நிகர வாராக்கடன், மூலதன விகிதம் மூன்றும் இருக்கும். நிகர வாராக்கடன் குறைவாயிருந்தும் மொத்தம் காலாண்டுக்குக் காலாண்டு ஏறினால் எச்சரிக்கை கொள்ளவேண்டும். வருஷாந்தர அறிக்கையில் கடனைத் தொழில்வாரியாகப் பிரித்த அட்டவணை ஒன்று உண்டு. விவசாயமும் அதனைச் சார்ந்த தொழில்களும் என்ற வரியில் கொடுத்த கடன் எவ்வளவு, அதில் வாராதது எவ்வளவு என்று எழுதியிருக்கும். பாலை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டமாட்டார்கள். எனினும் அந்த ஒரு வரியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் போக்கு விளங்கும்.

கடன் எவ்வாறு வசூலாகிறது என்பதையும் விசாரிக்கலாம். பால் ஒன்றியம் பட்டுவாடாவிலேயே தவணையைப் பிடித்துப் பாங்கிக்குக் கட்டும் ஏற்பாடு இருக்குமிடத்தில் கடன் பெரும்பாலும் நிற்கும். இதனைச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றியத்துக்கு நேரே பால் ஊற்றுவோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் கொடுக்கலாமென்று 2020-இல் வழி செய்யப்பட்டது. பால் இன்று ஒரு வண்டிக்கும் நாளை வேறொரு வண்டிக்கும் போகுமிடத்தில் பிடித்தம் செய்வோர் யாருமில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் இதில் ஓர் அனுகூலம் உண்டு. பாங்கியின் கணக்கில் வாராக்கடன் தோன்றுவதற்கு மூன்று மாதம் முன்னரே ஊரில் அடையாளம் தோன்றிவிடும். கறவையில் இருக்கும் நல்ல பசு அகாலத்தில் விலைக்கு வரும். அடர்தீவனக் கடையில் பாக்கி ஏறும். பழைய கடனை அடைக்கவென்றே புதுக் கடன் எழுதப்படும். இது பாங்கியின் புத்தகத்தில் ஒழுங்காகத் தீர்ந்த கடனாகவே காணும். ஊருக்கு ஊர் இது நடப்பதைக் கண்டவர் அவ்வகைக் கடனை மிகுதியாக வைத்துள்ள பாங்கியின் பங்கை, எவ்வளவு மலிவாயிருந்தாலும், அந்தப் பருவத்தில் வாங்காமலிருப்பார்.

பங்கு வாங்கியே தீர்வது என்று துணிந்தவர், மறு விளைச்சல் வரை கைவைக்க வேண்டியிராத பணத்தை மட்டும் அதற்கு எடுக்கவேண்டும். கலியாணத்துக்கோ, கிணறு வெட்டுவதற்கோ, தவணைக்கோ வைத்த பணம் டிபாசிட்டிலேயே இருக்கட்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பவர் அந்தத் தொகையையும் தம் கடனாகவே எண்ணிக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பார்க்கவேண்டும். தம் மாட்டுக் கடன் நிலுவையில் இருக்கும்போது 9 சதவிகித வட்டியைக் கட்டிக்கொண்டே, 2 சதவிகித லாப ஈவுக்காகப் பங்கு வாங்குவோரும் இருக்கின்றனர். அவர்கள் அந்தப் பணத்தைத் தவணையில் முன்கூட்டிக் கட்டினால் எவ்வளவு வட்டி குறையும் என்பதை முதலில் பாங்கிக் கிளையில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.